எட்டாவது மூக்கு

கண்களை மூடி, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ரஞ்சன்குடி கோட்டையின் இடிந்த மேடை ஒன்றில் நான் நின்றுகொண்டிருந்தேன். கோட்டையைப் பிடிக்க வந்தவன் மாதிரி இல்லை. கோட்டைக்குள் திருடப் போய் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

"அப்படியே பின்னாடி சாயுங்க சின்னதுரை. யோசிக்காதீங்க. உங்க டீம் உங்களை விடாது" என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர். பங்குனி வெயிலில், பாறை கொதிக்கிற இடத்தில், மனிதர் மஞ்சள் டை கட்டியிருந்தார். அதற்காகவே அவரை மதிக்கலாம்.

எனக்குப் பின்னால், கீழே, கையை நீட்டிக்கொண்டு நின்றவர் கலியமூர்த்தி அண்ணன். சிமெண்ட் ஆலையில் மூட்டை அடுக்குகிறவர். அவர் என்னைப் பிடித்தால் அவர் வயிற்றுத் தையல் போகும். தையல் போனால் வேலை போகும். பிடிக்காமல் விலகினால், ஏன் விலகினாய் என்று கேட்பார்கள். அப்போதும் வேலை போகும்.

இது அந்த மலையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, ஜமாலுக்கு, எனக்கு. நாலாவதாகத் தெரிந்துவிடக் கூடாதவர் ஞானசேகரன் சார். எங்கள் ஷிப்டுக்கு அதிகாரி. அவர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, தொப்பியால் விசிறிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் எடை ஒன்றரை சிமெண்ட் மூட்டை. சாய்வதற்கு முன் நான் எப்படி அங்கே வந்து நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் நான் மேடையிலேயே நிற்கிறேன். பழக்கம்தான்.

பாயசத்தை முந்தியவன்

எனக்குச் சும்மா இருக்க வராது. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை ஆடும். ஜாதகம் பார்த்த ஜோசியர்கூட, "இவனை ஒரு எடத்துல உக்கார வச்சீங்கன்னா எனக்குச் சொல்லி அனுப்புங்க, வந்து பாக்கறேன்" என்றாராம்.

செந்துறையில் என் அத்தை மகள் கல்யாணம். பந்தியில் பாயச வாளியை என்னிடம் கொடுத்தார்கள். "ரசத்துக்கு அப்பறம் நீ" என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். ஆனால் சாம்பார் வாளிக்காரர் ஆமையாக நகர்ந்துகொண்டிருந்தார். வாளியைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம்தான் நிற்பது? ஓவர்டேக் செய்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சாம்பாருக்காகச் சாதத்தில் வெட்டி வைத்திருந்த குழியில் பாயசம் விழுந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிசைந்து சாப்பிட்டார். முகூர்த்தம் முடிந்துவிட்டது, வேறு என்ன செய்வார்?

வேகம் என்பது நல்ல குணம் என்று நான் அப்போதும் நம்பினேன். பி.காமில் மூன்று பாடம் பாக்கி வைத்துவிட்டு வீட்டில் உலாவிக்கொண்டிருந்த என்னை, அதே அத்தையின் கணவர், அதாவது என் மாமா, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் கான்ட்ராக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். "பையன் சுறுசுறுப்பு" என்று அறிமுகப்படுத்தினார். பந்தியில் பாயசம் வாங்காமல் எழுந்துபோன ஒரே ஆள் அவர்.

ராட்டினம்

மூட்டை கட்டும் கூடத்தில் ஒரு ராட்டினம் உண்டு. பெரிய இரும்பு உருளை, அதைச் சுற்றி எட்டுக் குழாய்கள். நாங்கள் அவற்றை மூக்கு என்போம். அது சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் எதிரே ஸ்டூலில் ஒருவன் உட்கார்ந்து, ஒவ்வொரு மூக்கு எதிரே வரும்போதும் ஒரு காலிச் சாக்கை அதில் மாட்ட வேண்டும். சாக்கு ஒரு சுற்றுப் போவதற்குள் சிமெண்ட் நிறைந்து, ஐம்பது கிலோவானதும் தானாகக் கழன்று பெல்ட்டில் விழும். பெல்ட் அதை லாரிக்குக் கொண்டுபோகும். லாரியில் இரண்டு பேர் அடுக்குவார்கள்.

அந்த ஸ்டூலில் இருந்த ஆள் சவூதிக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலி. மாமாவின் சிபாரிசில் அது எனக்கு வந்தது.

கண் இமைத்தால் ஒரு மூக்கு போய்விடும். கொட்டாவி விட்டால் மூன்று. என் கைக்கும் காலுக்கும் கடவுளாகப் பார்த்துச் செய்த வேலை. ஒரே மாதத்தில் ஒரு மூக்குகூடக் காலியாகச் சுற்றாமல் மாட்டப் பழகிவிட்டேன். சுவரில் எண்ணிக்கை ஓடும் பெட்டி ஒன்று இருக்கும். ஷிப்டு முடியும்போது ஞானசேகரன் சார் அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, மெஷினே உன்னைப் பாத்து மூச்சு வாங்குது" என்று முதுகில் தட்டினார். தட்டிய இடத்திலிருந்து சிமெண்ட் பறந்தது. அவரும் இருமினார், நானும் இருமினேன். இருவருக்கும் பெருமை.

லாரியின் மேலே இருந்த இரண்டு பேர்தான் இருமக்கூட நேரமில்லாமல் இருந்தார்கள். நான் திரும்பிப் பார்த்ததில்லை. என் முதுகு அவர்கள் பக்கம்.

செருப்புச் சிலை

அந்த இரண்டு பேரில் ஒருவர் கலியமூர்த்தி. நாற்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. இன்னொருவன் ஜமால், என் வயது, லப்பைக்குடிக்காட்டுக்காரன். அண்ணன்கள் இருவரும் துபாயில். இவனுக்கும் விசா வந்துகொண்டே இருந்தது. நான் சேர்ந்தபோதும் வந்துகொண்டிருந்தது, நான் விலகும்போதும் வந்துகொண்டிருந்தது.

முதலில் டீ நின்றது. பதினோரு மணிக்குத் தூக்குச்சட்டியில் டீ வரும். எல்லாருக்கும் டம்ளர் இருக்கும், எனக்கு இருக்காது.

"ஜமாலு, எனக்கு?"

"தொரைக்கு எதுக்கு டீ? மெஷினுக்கு எவனாவது டீ ஊத்துவானா? வேணும்னா சாயங்காலம் ரெண்டு சொட்டு ஆயில் வுடறேன்."

அடுத்து வெல்லம். புழுதிக்கு நல்லதென்று தினமும் ஆளுக்கு ஓர் உருண்டை கொடுப்பார்கள். என் பங்கு வரும்போது அது எலுமிச்சங்காய் அளவிலிருந்து புளியங்கொட்டை அளவுக்குக் குறைந்திருக்கும். பொறாமை என்று நினைத்தேன். திறமைசாலிகளின் வாழ்க்கை இப்படித்தான் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் செருப்பு. ராட்டினத்துக்கு ஏறும் ஏணிக்கடியில் கழற்றி விட்டுவிட்டு நான் மேலே போவேன். ஒரு நாள் காலையில் யாரோ இரண்டு செருப்பின் மேலும் தலா ஒரு கை சிமெண்ட் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரையும் ஊற்றியிருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து நான் இறங்கியபோது செருப்பு தரையோடு சேர்ந்து சிலையாகிவிட்டது. எங்கள் ஆலைச் சிமெண்ட்டின் தரத்தை நான் அன்றுதான் நேரில் கண்டேன்.

வெறுங்காலோடு, தலை முதல் கால் வரை சாம்பல் பூசிய கோலத்தில் செந்துறை பஸ்ஸில் ஏறினேன். ஓர் அம்மா எழுந்து, "உக்காருங்க சாமி" என்று இடம் விட்டார். உட்கார்ந்துவிட்டேன். இறங்கும்போது அவர் பேரனுக்குத் திருநீறும் பூசிவிட்டேன். அது திருநீறு இல்லை என்பது இத்தனை வருஷம் கழித்து இதைப் படித்தால்தான் அவருக்குத் தெரியும்.

மூச்சு

மறுநாள் ஜமாலின் சட்டையைப் பிடித்தேன். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில். அவன் என் கையைத் தட்டிவிடவில்லை.

"செருப்புக்கு இவ்ளோ கோவம் வருது. ஒரு மனுசன் வயித்துக்கு வரல பாரு ஒனக்கு" என்றான்.

"எந்த வயிறு?"

"கலியமூர்த்தி அண்ணன் வயிறு. குடல் எறங்கி ஆப்பரேசன் பண்ணி அஞ்சு மாசம் ஆவுது. திருச்சில போய்ப் பண்ணுனாரு. கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா கேட் பாஸைப் புடுங்கிடுவான். கத்தி வச்ச ஒடம்பை மூட்டை தூக்க வுட மாட்டான்ல?"

"அப்ப லீவு எப்படிக் கெடச்சுது?"

ஜமாலின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "அம்மை போட்டுருக்குன்னு சொன்னோம். நாந்தான் அவரு வூட்டு வாசல்ல வேப்பிலை கட்டுனேன். கான்ட்ராக்டர் ஆளு பாக்க வந்தான். வேப்பிலையப் பாத்ததும் தெருமுனையிலயே எளநியக் குடுத்து அனுப்பிட்டு ஓடிட்டான். அல்லா மன்னிக்கணும், அந்த எளநிய நாந்தான் குடிச்சேன்."

பிறகு சொன்னான். லாரியில் கீழ் வரிசைகளை இழுத்துப் போட்டு அடுக்கலாம், வயிற்றுக்குச் சிரமமில்லை. மேல் வரிசைக்குத்தான் தூக்க வேண்டும். அப்போது ஜமால் தன் மூட்டையை வைத்துவிட்டு, அண்ணன் மூட்டைக்கும் தாவி வந்து தூக்குவான். அப்படித் தாவ அவனுக்கு ஒரு நொடி வேண்டும். அந்த நொடிக்காக, சவூதிக்குப் போன பழைய ஆள் எட்டாவது மூக்கில் சாக்கு மாட்டாமல் விட்டுவிடுவாராம். சுற்றுக்கு ஒன்று. பெல்ட்டில் அது ஓர் இடைவெளியாக வரும். அதற்கு மூச்சு என்று பெயர்.

"நீ வந்த நாள்லேர்ந்து மூச்சே இல்ல. அண்ணன் பல்லக் கடிச்சுக்கிட்டுத் தூக்கறாரு. ஒண்ணு தெரியுமா ஒனக்கு? அந்த ஸ்டூலு அண்ணனுக்கு வர வேண்டியது. உக்காந்த வேலை. எப்படிடா கேக்கறதுன்னு நாங்க ரோசன பண்ணிக்கிட்டு இருக்கறப்பவே ஒங்க மாமன் ஒன்னயக் கூட்டிக்கிட்டு வந்து எறக்கிட்டாரு."

"நான் எடம் மாறிக்கறேன்னு சார்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. ஏன்டான்னு கேப்பாரு. என்ன சொல்லுவ? அம்மைன்னா?"

அன்று முழுக்க எனக்கு டீ வேண்டியிருக்கவில்லை. பாயசத்தைப் பிசைந்து சாப்பிட்ட அந்தப் பெரியவரின் முகம் ஏனோ ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

சும்மா இருத்தல்

மறுநாள் முதல் எட்டாவது மூக்கைக் காலியாக விட முடிவு செய்தேன். முடிவு செய்தது மனம். கை கேட்க வேண்டுமே?

ஏழு மாட்டிவிட்டு எட்டாவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என் கை தானாகப் போய்ச் சாக்கை எடுத்துவிடும். கடைசியில் ஏழு முடிந்ததும் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எழுந்து உட்காருவது பார்ப்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. மூலம் என்று கூடத்தில் ஒரு பேச்சு உலவியது. மறுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கஷ்டப்பட்டுச் செய்த வேலை என்றால் அதுதான்: ஒன்றைச் செய்யாமல் விட்டது.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு என் எதிரே ஒரு டம்ளர் வந்தது. கலியமூர்த்தி அண்ணன்தான் கொண்டுவந்து வைத்தார். "சக்கர போதுமா பாரு" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

சுவர்ப் பெட்டியில் எண்ணிக்கை இறங்கியது. ஞானசேகரன் சார் வந்து நின்றார்.

"என்னய்யா, கை தளந்துபோச்சா? காதலா?"

"ஆமா சார்" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

"அவ எந்த ஊரு?"

"குரும்பலூர் சார்."

எண்ணிக்கை ஏன் குறைந்தது என்று மேலே ஆபீஸில் ஒரு கூட்டம் போட்டார்கள். மூட்டைப் பிரிவில் ஒற்றுமை போதவில்லை, ஒருவருக்கொருவர் அனுசரித்து வேலை செய்வதில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். எங்கள் வாழ்க்கையிலேயே நாங்கள் அதிகமாக அனுசரித்து வேலை செய்த மாதங்கள் அவை. அனுசரிக்கக் கற்றுக்கொடுக்கச் சென்னையிலிருந்து ஆள் வரவழைத்தார்கள். பயிற்சி முடிந்ததும் சார் ஒரு ரிப்போர்ட் தர வேண்டும். அதை வைத்துத்தான் சித்திரையில் கான்ட்ராக்ட் ஆட்களின் புதுப் பட்டியல் என்றும் பேச்சு.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பஸ்ஸில் ஏற்றி, பெரம்பலூர் தாண்டி, ரஞ்சன்குடிக்குக் கொண்டுபோனார்கள்.

மேடைக்குத் திரும்புகிறேன்

காலையில் விளையாட்டுகள் நன்றாகத்தான் போயின. இரண்டு பேர் காலைச் சேர்த்துக் கட்டி ஓடச் சொன்னார்கள். என்னோடு கட்டப்பட்டவன் ஜமால். நான் இழுத்த இழுப்பில் அவன் கைலி மட்டும் தோற்றது. பலூனைக் கீழே விழாமல் தட்டச் சொன்னார்கள். கோட்டை முள்ளில் பலூன்கள் அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டைக்காரர் இதை ஆரம்பித்தார். "ஃபாஸ்ட்டா ஓடற எந்த இடத்துலயும், நமக்கு அடுத்து நிக்கிறவர் நம்மைத் தாங்குவார்ங்கற நம்பிக்கை வேணும். சின்னதுரை, நீங்க அனுப்பற மூட்டையை வாங்கறது யாரு?"

வாயைத் திறக்குமுன் ஞானசேகரன் சார் சொல்லிவிட்டார். "கலியமூர்த்தி."

"சார், நானும் சேந்து புடிக்கிறேன்" என்று ஜமால் ஓடிவந்தான்.

"இல்லை, ஒருத்தர்தான்" என்றார் டைக்காரர்.

அண்ணன் எழுந்து வரக் கொஞ்சம் நேரமாயிற்று. "என்ன கலியமூர்த்தி தயங்குற? தெனம் மூட்டை புடிக்கிற கைதான?" என்றார் சார். குரலில் கேலி இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா, எனக்குப் பிடிபடவில்லை.

மேடையில் ஏறினேன். கண்ணை மூடினேன். இதுவரை சொன்னதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஓடவில்லை. என் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க" என்றார் டைக்காரர்.

அப்போது கீழேயிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், அண்ணன் சொன்னார். "வா தம்பி. புடிச்சுக்கறேன்."

நிஜமாகவே பிடித்துவிடுவார். அதுதான் பயமாக இருந்தது.

எட்டாவது மூக்கு எதிரே வந்து நிற்கிற மாதிரி இருந்தது. இந்தத் தடவை கையை மட்டும் அடக்கினால் போதாது, ஆளையே அடக்க வேண்டும். சாய்ந்தேன். பின்பக்கம் இல்லை, இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, இடது பக்கம்.

இடது பக்கம் என்ன இருக்கிறது என்று முன்னால் பார்த்து வைத்திருக்கலாம். வேகக்காரனுக்கு அதெல்லாம் தோன்றாது. இடது பக்கம் சப்பாத்திக்கள்ளி.

நின்றுகொண்டே அரியலூர்

என் அலறலில் கோட்டைப் புறாக்கள் மொத்தமும் எழுந்தன. டைக்காரர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பாத்தீங்களா? கடைசி நொடியில நம்பிக்கை போச்சு. டீம் ரெடியா இருந்துச்சு. இவர் ரெடியா இல்லை" என்று விளக்கினார். கையிலிருந்த அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார். பின்னால் அதைப் பார்த்தேன். பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் மேடையில் ஏறியதற்காக இருக்கும்.

ஜமால் என்னை ஒரு பாறையின் மேல் குப்புறப் படுக்க வைத்து முள் எடுத்தான். சிரித்துச் சிரித்து அவன் கண்ணில் தண்ணீர். "யா அல்லா, செருப்புக்கே நான் மன்னிப்புக் கேக்கல, இப்ப ஒனக்குக் குண்டில முள்ளு எடுக்க வச்சுட்டியே மாப்ள" என்றான். அதுவரைக்கும் நான் தொரை. அன்றுதான் மாப்ள ஆனேன்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லாருக்கும் இடம் இருந்தது. எனக்கு உட்கார உடம்பில்தான் இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கலியமூர்த்தி அண்ணன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"உக்காருங்கண்ணே. வழி தூரம்."

"தெரியும்."

பெரம்பலூர் வந்தது, போனது. அவர் உட்காரவில்லை. நான் வற்புறுத்தவும் இல்லை. அரியலூர் விளக்குகள் தெரியும்போது சட்டைப் பையிலிருந்து வெல்ல உருண்டை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். எலுமிச்சங்காய் அளவு. முந்தின நாளே எடுத்து வைத்திருக்க வேண்டும். அவர் பங்கு.

பெல்ட்டில் வந்தது

மறுநாள் காலை ஞானசேகரன் சார் கூடத்துக்கு வந்தார். எல்லாரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

"சின்னதுரை, உனக்குக் கூட இருக்கறவன் மேல நம்பிக்கை இல்லைன்னு அந்தச் சென்னைக்காரர் எழுதிக் குடுத்துருக்காரு. ஸ்டூல்ல உக்காந்து முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தா வராது. இன்னைலேர்ந்து லாரி மேல ஏறு. ஜமாலோட மூட்டை அடுக்கு. கத்துக்க."

பிறகு கலியமூர்த்தி அண்ணன் பக்கம் பார்க்காமலேயே, "ஸ்டூலுக்கு ஆள் வேணும். கலியமூர்த்தி, நீ போய் உக்காரு" என்றார். எண்ணிக்கைப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியுமா, எப்போதிலிருந்து தெரியும், அன்று கோட்டையில் அண்ணன் பெயரை ஏன் அவர் சொன்னார், எதுவும் எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை தைரியமாகக் கேட்கப் போனேன். "குரும்பலூர்ப் பொண்ணு எப்படி இருக்கா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

சித்திரைப் பட்டியலில் எங்கள் மூன்று பேர் பெயர்களும் இருந்தன.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த முதல் நாள் காலையை. லாரியின் மேல் நின்றேன். முதல் மூட்டை வந்தது. தூக்கினேன். அது சாக்கு இல்லை, ஓர் ஆள். சூடாக வேறு இருந்தது. இரண்டாவது, மூன்றாவது. இடுப்பில் ஏதோ கழன்றது. நாலு, ஐந்து. கண்ணில் சிமெண்ட், வாயில் சிமெண்ட். இத்தனை மாதம் நான் அனுப்பியதெல்லாம் இதுதானா? ஆறு. ஏழாவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே, "ஜமாலு, செத்தேன்" என்றேன்.

"பெல்ட்டைப் பாரு மாப்ள" என்றான்.

பார்த்தேன். காலிப் பெல்ட் மட்டும் ஒரு மூட்டை நீளத்துக்கு நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால், புழுதிக்குள், ஸ்டூலில் ஒரு முதுகு தெரிந்தது. அதன் வலது கை தொடைக்கடியில் இருந்தது.

மூச்சு விட்டேன்.